பழங்காசை விற்குமுன் பத்து நாள் பொறுங்கள்



ஹட்டனுக்கும் டிக்கோயாவுக்கும் இடையிலுள்ள ஒரு தோட்டச் சந்தியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கடிதத்தின் சாரம் இதுதான்:

"எனது உம்மா வஃபாத்தாகி நாற்பது நாள் கழித்து அவருடைய பெட்டகத்தைத் திறந்தோம். அடியில் ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள்ளே ஐம்பதுக்கு மேற்பட்ட காசுகள். சில வெள்ளி, சில செம்பு, சில என்னவென்றே தெரியாதவை. எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, இந்தச் சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவர். அவர் காலத்துக் காசுகளாக இருக்க வேண்டும். போன வாரம் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் வாசலுக்கு வந்தார். டின்னைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மொத்தமாக ஒரு தொகை சொன்னார். மகளின் படிப்புச் செலவுக்கு அந்தத் தொகை எனக்குப் பெரிய உதவி. நாளை மறுநாள் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். கொடுத்துவிடட்டுமா?"

கடிதம் கைக்குக் கிடைத்த அன்றே பதில் சொல்லிவிட்டேன். "கொடுக்க வேண்டாம், பத்து நாள் பொறுங்கள். அந்தப் பத்து நாளில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்" என்றேன். அவருக்குச் சொன்னதையே விரிவாக உங்களுக்கும் எழுதுகிறேன். மலைநாட்டில் இத்தகைய டின் இல்லாத வீடு குறைவு. இன்று உங்கள் வீட்டில் தேவை வராமல் இருக்கலாம். நாளை வரலாம் அல்லவா?

முதலில் என் தவறு

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். என் உம்மும்மா எனக்கு ஐந்து வெள்ளி ரூபாய் தந்தார். கறுத்துப் போயிருந்தன. ஒரு பெருநாளைக்கு முதல் நாள் பாத்திரங்கள் விளக்கிய கையோடு, புளியும் சாம்பலும் வைத்து அவற்றையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். எல்லோரும் பார்த்து மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் நாணயம் சேர்க்கும் ஒருவரிடம் காட்டியபோது அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "தேய்க்காமல் விட்டிருந்தால் நல்ல விலை சொல்லியிருப்பேன். இப்போது இது வெறும் வெள்ளி" என்றார்.

பழங்காசின் மேல் படிந்திருக்கும் கறுப்பு அழுக்கல்ல. பல ஆண்டுக் காலக் காற்று பட்டு உலோகத்தின் மேல் உண்டான படலம் அது. அந்தப் படலமே காசு பழையது என்பதற்கு ஒரு சாட்சி. தேய்க்கும்போது படலத்தோடு உருவத்தின் நுட்பமான கோடுகளும் போய்விடுகின்றன. போனது திரும்பாது. ஆகவே முதல் பாடம்: புளி, தேசிக்காய், சாம்பல், பற்பசை, பிராஸோ எதுவும் காசின் பக்கம் வரக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊற விட்டு, மெதுவாக எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி உலர விடுங்கள். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இந்தக் காசுகள் மலைக்கு வந்த கதை

நுவரெலியா, ஹட்டன் பக்கத்துப் பெட்டிகளில் இலங்கைக் காசுகளைவிட இந்திய வெள்ளி ரூபாய்கள் அதிகமாகக் கிடைப்பதைப் பலர் கவனித்திருப்பீர்கள். காரணம் உண்டு. கோப்பித் தோட்டக் காலத்திலேயே தொழிலாளர்கள் தமிழகத்திலிருந்து வந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோனால் செல்லுபடியாகும் இந்திய வெள்ளி ரூபாயைத்தான் அவர்கள் விரும்பினார்கள். கூலி கொடுப்பதற்காக வெள்ளி ரூபாய் கடல் கடந்து இங்கே வந்தது. 1872இல் இலங்கையின் கணக்கே ரூபாயும் சதமுமாக மாறியது. சதங்களை இலங்கைக்கென்று தனியாக அடித்தார்கள். ஆனால் ரூபாய்க் காசு நெடுங்காலம் இந்தியாவுடையதுதான். இலங்கையின் பெயரில் ஒரு ரூபாய்க் காசு முதன்முதலில் வந்தது 1957இல்.

1884இல் ஓரியன்டல் வங்கி முறிந்தபோது அதன் நோட்டுகளை வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். நோட்டைவிட வெள்ளியை நம்பும் பழக்கம் மலைநாட்டில் வேரூன்றியதற்கு இப்படிப்பட்ட அனுபவங்களும் காரணம். நம் பாட்டிமார் வெள்ளியை முடிச்சுப் போட்டு வைத்தது அறியாமையால் அல்ல.

பிரித்து வையுங்கள்

மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, காசுகளை நிறத்தை வைத்தல்ல, பெயரையும் ஆண்டையும் வைத்துப் பிரியுங்கள். காசின் முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்து எடுங்கள். ஒரு கொப்பியில் எண் போட்டு எழுதுங்கள்: என்ன உருவம், என்ன எழுத்து, எந்த ஆண்டு, எத்தனை கிராம். எடை பார்க்க நகைக் கடைத் தராசு போதும்.

இந்திய ரூபாய்களை அடையாளம் காண்பது எளிது. 1862 என்று ஆண்டு போட்டதில் விக்டோரியா "ராணி" என்றிருக்கும். 1877 முதல் "சக்கரவர்த்தினி" என்று மாறும். 1862 என்ற ஆண்டைப் பார்த்ததும் மிகப் பழையது, மிக அரியது என்று மகிழ வேண்டாம். 1874 வரை அதே ஆண்டைப் போட்டுக் கோடிக் கணக்கில் அடித்தார்கள். எட்வர்ட் மன்னரின் தலையில் கிரீடம் இராது. ஐந்தாம் ஜோர்ஜ் கிரீடமும் மேலங்கியும் அணிந்திருப்பார். இவ்விருவர் ரூபாய்களிலும் பாரசீக எழுத்தில் "யக் ரூபியா" என்றிருப்பதை, குர்ஆன் ஓதத் தெரிந்த எந்தப் பெண்ணும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடலாம்.

அதைவிடப் பழைய ஆற்காட்டு ரூபாய்கள் முழுவதும் பாரசீக எழுத்தில் இருக்கும். அவற்றில் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி பின்னாளில் சென்னையில் அடித்த காசுகளிலும் பழைய ஆண்டையே போட்டுக்கொண்டிருந்தது.

இலங்கைச் செம்புக் காசுகளில், 1870 முதல், நடுவே தாளிப்பனை மரமும் அதன் இரு பக்கத்தில் சிங்களமும் தமிழும் இருக்கும். கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், கனமான ஐந்து சதம் என்று நான்கு வகை. 1892 முதல் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சத வெள்ளிக் காசுகள் வந்தன. 1909இல் ஐந்து சதம் சதுர வடிவத்தில் வந்தது. அது வெள்ளியல்ல, செம்பும் நிக்கலும் கலந்தது. வெள்ளி என்று சொல்லி விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது.

அசலா, போலியா?

போலியைக் கண்டறியும் கவலை இன்று நேற்று வந்ததல்ல. 1660 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், தூண்டில் போல் வளைந்த வெள்ளிக் காசைப் பற்றி எழுதியிருக்கிறார். பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் என்று அழைக்கப்பட்டு, முஸ்லிம் வணிகர்களின் கையோடு இந்துமாக்கடல் முழுவதும் புழங்கிய காசின் உறவு அது. கண்டியில் அதை யாரும் செய்துகொள்ளலாம் என்று மன்னர் அனுமதித்திருந்தாராம். அப்படியானால் கலப்படத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? காசை நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். தூய வெண்மையாக வந்தால்தான் வாங்குவார்களாம்.

நாம் அதைச் செய்யக் கூடாது. காசு பாழாகும். வீட்டில் செய்யக் கூடிய சோதனைகள் இவை:

எடை. இந்திய வெள்ளி ரூபாய் சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். அரை ரூபாயும் இலங்கை ஐம்பது சதமும் 5.83 கிராம். கால் ரூபாயும் இருபத்தைந்து சதமும் 2.92 கிராம். கை மாறித் தேய்ந்த காசு சற்றுக் குறையும், அது இயல்பு. ஒரு கிராமுக்கு மேல் குறைந்தாலோ, குறித்த எடையைவிடக் கூடினாலோ சந்தேகப்படுங்கள். தேய்ந்த காசு கனம் கூடுவது எப்படி?

விளிம்பு. அசல் ரூபாயின் விளிம்பில் நேர்த்தியான சிறு கோடுகள் ஒரே சீராக ஓடும். வார்ப்பில் ஊற்றிய போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுப் போட்டது போல் ஒரு தழும்பு தெரியும். அல்லது அதை அரத்தால் ராவிய அடையாளம் தெரியும்.

முகம். அசல் காசு அச்சில் அடித்தது, எழுத்துகள் கூர்மையாக எழும்பி நிற்கும். வார்த்த காசின் எழுத்துகள் சவர்க்காரத்தில் செய்தவை போல் மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசி குத்தியது போன்ற குழிகள் இருக்கும். தேய்மானத்தையும் பாருங்கள். மேடான இடங்களாகிய கன்னம், முடி, கிரீடம் இவைதான் முதலில் தேய வேண்டும். மேடு கூர்மையாகவும் பள்ளம் தேய்ந்தும் இருந்தால் அது காலத்தின் வேலையல்ல, மனிதனின் வேலை.

இரட்டைப் பிறவி. இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் அவை ஒரே வார்ப்பிலிருந்து வந்தவை.

காந்தம். வெள்ளி, பொன், செம்பு மூன்றையும் காந்தம் இழுக்காது. இழுத்தால் போலி என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். 1947ஆம் ஆண்டு இந்திய ரூபாய் நிக்கலில் அடித்தது. அதைக் காந்தம் இழுக்கும். அது அசல்தான், ஆனால் வெள்ளியல்ல.

ஓசை. விரல் நுனியில் காசை நிறுத்தி ஒரு பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். வெள்ளி நின்று ஒலிக்கும், ஈயக் கலப்பு "டப்" என்று அடங்கிவிடும். கடைக்காரர் செய்வது போல் சிமெந்துத் தரையில் போட்டுப் பார்க்காதீர்கள். விளிம்பு நசுங்கும்.

ஒரு சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே சாட்சி சொல்ல வேண்டும்.

தங்கச் சவரன் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அசல் பிரிட்டிஷ் சவரன் 22 கரட், 7.98 கிராம். சவரன் உருவத்தில் உள்ளூரிலே வார்த்த நகைக் காசுகள் ஏராளம். பொன்னாகவே இருந்தாலும் அவை சவரன் அல்ல. நம்பகமான நகைக் கடையில், உங்கள் கண் முன்னாலேயே, உரசிப் பார்க்காமல் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள். காசைக் கொடுத்துவிட்டு வெளியே காத்திருக்க வேண்டாம்.

மதிப்பு எங்கிருந்து வருகிறது?

பழையது என்பதால் மட்டும் ஒரு காசுக்கு விலை வருவதில்லை. உலோகம், அருமை, நிலைமை, தேடுகிறவர்கள் இருப்பது ஆகிய நான்கும் சேர்ந்துதான் விலை.

உலோக விலையை நீங்களே கணக்குப் பார்க்கலாம். 1939 வரையிலான இந்திய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது ஏறக்குறைய 10.7 கிராம் தூய வெள்ளி. 1940 முதல் 1945 வரை அடித்ததில் பாதிதான் வெள்ளி, 5.8 கிராம். எடையில் வேறுபாடு தெரியாது, ஆண்டுதான் சொல்லும். இலங்கை வெள்ளிச் சதங்களில் 1917 வரை நூற்றுக்கு எண்பது பங்கு வெள்ளி. 1919 முதல் 1929 வரையுள்ளவற்றில் ஐம்பத்தைந்து பங்குதான். அன்றைய வெள்ளி விலையைக் கேட்டுப் பெருக்கிக்கொள்ளுங்கள். வாசலுக்கு வருகிறவர் இந்தத் தொகைக்கும் கீழே கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அருமைக்கு ஓர் உதாரணம், நம் சமூகத்தோடு தொடர்புடையது. 1911இல் ஐந்தாம் ஜோர்ஜின் முதல் ரூபாய் வந்தது. மன்னரின் மேலங்கிச் சங்கிலியில் ஒரு சிறிய யானை உருவம். அச்சு வெட்டியவர் தும்பிக்கையையும் கால்களையும் குட்டையாக வெட்டியதால், அது பன்றி போல் தெரிந்தது. முஸ்லிம்கள் மத்தியில் பெரும் மனக்கசப்பு எழுந்தது. அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, 1912இல் நீண்ட தும்பிக்கையோடு புதிய அச்சை வெட்டியது. தொண்ணூறு லட்சத்துக்கு மேல் அடித்ததில் சுமார் 7 லட்சம்தான் வெளியே போயிற்று, மீதியை உருக்கிவிட்டார்கள். அதனால் 1911ஆம் ஆண்டு ரூபாய் 1912ஐவிடக் கூடுதல் விலை பெறுகிறது. உங்கள் பெட்டியில் ஜோர்ஜ் ரூபாய் இருந்தால் பூதக்கண்ணாடியால் அந்த யானையைப் பாருங்கள்!

அதுபோல் 1939ஆம் ஆண்டு ரூபாய் மிக அரியது. அரியது என்று தெரிந்ததாலேயே போலி செய்கிறவர்களின் கை முதலில் அதில்தான் விழும். ஆண்டின் கடைசி எண் மட்டும் மற்ற எண்களோடு பொருந்தாமல் தனித்துத் தெரிந்தால் எச்சரிக்கை.

துளையிட்ட காசு, வளையம் ஒட்டிய காசு, குழந்தையின் அரைஞாணில் கோத்த காசு ஆகியவற்றுக்குச் சேர்ப்பவர்கள் விலை தருவதில்லை. உலோக விலைதான். ஆனால் பேத்தியின் கழுத்தில் அது பெறுகிற விலை வேறு. அதையும் எண்ணிப் பாருங்கள்.

பக்தியை விலை பேசுகிறவர்கள்

1818 என்று ஆண்டு போட்டு, இராமர் சீதை அல்லது அனுமார் உருவத்தோடு, "கிழக்கிந்தியக் கம்பெனி" என்று எழுதிய காசுகள் எங்கும் சுற்றுகின்றன. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிடவே இல்லை. அரிசியை இழுக்கும் சக்தி உண்டென்று சொல்லித் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கில் பணம் பறித்தவர்கள் உண்டு. நம் பக்கத்தில் அதே வியாபாரம் வேறு உடையில் வரும். கலிமா பொறித்த "முகலாயர் காசு", 786 எண்ணுள்ள நோட்டு, பரக்கத்து என்ற சொல். அக்பர் கால ரூபாய்களில் கலிமாவும் நான்கு கலீபாக்களின் பெயர்களும் இருந்தது உண்மை. அந்த உண்மையை வைத்தே பிற்காலத்தில் தாயத்துப் போலச் செய்த வில்லைகள் ஏராளம். எழுத்து புனிதமானது என்பதால் காசு அசலாகிவிடாது சகோதரிகளே!

கைத்தொலைபேசியில் வரும் வலையும் உண்டு. "உங்கள் ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்பார்கள். இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டே இதைச் செய்ததால், அந்த வங்கி 2021 ஆகஸ்டில் பொது எச்சரிக்கை விட்டது. வாங்குகிறவர் பணம் தருவார். பணம் கேட்கிறவர் வாங்க வந்தவரல்லர்.

குப்பை என்று எண்ணியது

சகோதரியின் டின்னில் இரண்டு பொருள்களை வாசலுக்கு வந்தவர், "இது தகரம், இது பித்தளை, சும்மா போட்டுக் கொடுங்கள்" என்றாராம். அந்தச் சொல்தான் எனக்குச் சந்தேகம் தந்தது.

படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பித்தளை வில்லையில் ஆங்கிலத்தில் ஒரு கம்பெனிப் பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில், கோப்பி கொழித்த நாளில், கோப்பி பதப்படுத்திய களஞ்சியங்கள் வேலையாட்களுக்குக் கூலிக் கணக்காக இத்தகைய வில்லைகளைக் கொடுத்தன. கோப்பி பொறுக்கித் தரம் பிரித்த பெண்களின் கையில் புழங்கியவை அவை. 1869இல் இலைநோய் கண்டது, அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பியே அழிந்தது. வில்லைகளும் மறைந்தன. அரசாங்கக் காசல்ல என்பதால் பலருக்கு இவை குப்பை. ஆனால் இலங்கை நாணயங்களை ஆராய்ந்த கொட்ரிங்டன் போன்றோர் இவற்றையும் மதித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சேர்ப்பவர்கள் தேடுகிறார்கள். பெட்டியிலுள்ள பத்து வெள்ளி ரூபாயைவிட ஒரு பித்தளை வில்லை கூடுதல் விலை பெற இடமுண்டு.

மற்றது ஒரு தகரத் துண்டு, துளையிட்டு நூல் கோத்தது, எண்கள் பொறித்தது. இதுதான் "தகர டிக்கெட்". 1900களின் தொடக்கத்திலிருந்து, தமிழகத்தில் ஆள் சேர்க்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வில்லை கொடுத்தார்கள். தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு மண்டபம் முகாமைக் கடந்து, கப்பலேறி, ரயிலேறி, மலைக்கு வந்தார்கள். வழிச் செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறி, பிறகு ஒரு மனிதனின் கடனாக நின்றது. அது காசல்ல. ஆனால் காசுகளைவிடக் கனமானது.

சட்டமும் உரிமையும்

1940ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், 1815 மார்ச் 2க்கு முற்பட்ட காசுகளையும் தொல்பொருள்களில் சேர்க்கிறது. நிலத்தைக் கொத்தும்போது கிடைக்கும் அத்தகைய காசுகள் அரசாங்கத்துக்கே சொந்தம், அறிவிக்க வேண்டும். அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியே அனுப்பவும் முடியாது. டச்சுக் கம்பெனியின் பின்னிய முத்திரையுள்ள செம்புத் துட்டு, வளைந்த லாரின் போன்றவை இந்த வகை. சவூதியில் வேலை செய்யும் தம்பியிடம் கொடுத்து விற்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது நம் மார்க்கம் சொல்லும் உரிமை. உம்மாவின் பெட்டியிலிருந்தது உம்மாவின் பொருள். அவர் வஃபாத்தான பின் அது வாரிசுகள் அனைவருக்கும் உரியது. பெட்டியைத் திறந்தவருக்கு மட்டும் உரியதல்ல. விற்குமுன் நானாமாருக்கும் தாத்தாமாருக்கும் பட்டியலின் பிரதி ஒன்று போக வேண்டும். விலை தெரியாமல் விற்றுவிட்டுப் பிறகு மனம் கசப்பதைவிட, பட்டியலோடு கூடி உட்கார்ந்து பேசுவது எத்தனையோ மேல். வெள்ளிக்கும் பொன்னுக்கும் ஸகாத் கணக்கு உண்டு என்பதையும் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளியுங்கள்.

விற்கிற நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. தேய்த்த காசைத் தேய்க்காதது என்றோ, சந்தேகமானதை அசல் என்றோ சொல்லக் கூடாது. குறையைச் சொல்லி விற்பதே ஹலாலான வியாபாரம். நம்மை ஏமாற்றக் கூடாது என்று எதிர்பார்க்கிற நாம், பிறரை ஏமாற்றலாமா?

எங்கே, எப்படி விற்பது?

வாசலில் விற்காதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாகவும் விற்காதீர்கள். இரு பக்கமும் விளிம்பும் தெரியப் படம் எடுத்துக் குறைந்தது மூவரிடம் தனித்தனியாக விலை கேளுங்கள். நாணயச் சேகரிப்பாளர் ஒருவர், நாணய வியாபாரி ஒருவர், வெள்ளி விலைக்கு நகைக் கடைக்காரர் ஒருவர். ஒருவர் சொன்ன விலையை அடுத்தவரிடம் சொல்ல வேண்டாம். கொழும்புக்குப் போக வாய்த்தால், சதம் வீதியிலுள்ள மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று நூதனசாலைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அசல் காசுகளைக் கண்ணாடிக்குள் பார்த்துப் பழகிய கண்ணை ஏமாற்றுவது கடினம்.

விற்கும் வரை ஒவ்வொரு காசையும் தனித்தனிக் கடதாசி உறையில் வையுங்கள். நுவரெலியா ஈரத்துக்கு மெல்லிய பிளாஸ்டிக் பை ஆகாது, பச்சை பிடிக்கும். சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தை டின்னில் போட்டு வைத்தால் நல்லது.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

பத்து நாளில் பட்டியல் தயாராகிவிட்டது. நானாவும் தாத்தாவும் வந்தார்கள். தேய்ந்த ரூபாய்களையும் வெள்ளிச் சதங்களையும் எடைக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அதற்கே, வாசலில் கேட்ட மொத்தத் தொகையைவிடக் கூடுதலாக வந்தது. லட்சங்கள் வரவில்லை. வரும் என்று நான் சொல்லவும் இல்லை. மகளின் முதல் வருடச் செலவுக்குப் போதுமானது, அல்ஹம்து லில்லாஹ். பித்தளை வில்லைக்கு இன்னும் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1818 என்று போட்ட "இராமர் காசு" ஒன்றும் இருந்தது. அது எதுவென்று தெரிந்துகொண்டு ஒதுக்கி வைத்தார்கள்.

தகர டிக்கெட் மட்டும் தனியாக வந்ததல்ல. பட்டியல் எழுதும்போதுதான் சகோதரி கவனித்தார். அதுவும், வளையம் ஒட்டிய ஒரு விக்டோரியா ரூபாயும், ஒரே பழுப்புத் தாளில் சேர்த்துச் சுற்றியிருந்தன. தாளில் அப்பாவின் கையெழுத்தில் ஒரு பெண்ணின் பெயர், லயத்தின் எண், அரிசிக்கும் சீலைத் துணிக்கும் ஒரு சிறு கணக்கு. ஈடு வைத்துப் போன பொருள்! மீட்க அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. 1964 ஒப்பந்தத்துக்குப் பின் அந்தத் தோட்டத்திலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்தியாவுக்குப் போயின.

"அப்பா அதை விற்கவில்லை. கடை நொடிந்தபோதும் விற்கவில்லை. அப்படியானால் அது எங்களுடையதல்ல, அமானிதம்" என்று சகோதரி எழுதியிருக்கிறார். தோட்டத்து மூத்தவர்களிடம் அந்தப் பெயரை விசாரித்து வருகிறார். உரியவர்களின் வழிவந்தோர் கிடைத்தால் கொடுத்துவிடுவார்கள். கிடைக்காவிட்டால் என்ன செய்வதென்று ஆலிமிடம் கேட்பார்கள். அதுவரை அந்தப் பொட்டலம் பட்டியலில் "விலை பேசக் கூடாதது" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

காசு அசலா போலியா என்று பார்க்க எத்தனையோ சோதனைகள் சொன்னேன். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை அந்தச் சகோதரிதான் எனக்குக் கற்றுத் தந்தார். இது நம்முடையதுதானா?

உங்கள் பெட்டியிலும் ஒரு டின் இருக்கும். இந்த வாரம் அதைத் திறந்து பாருங்கள். காசுகளோடு இருக்கும் கடதாசிகளையும் கவனமாகப் பிரித்துப் படியுங்கள். இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் சந்திப்போம்.

வஸ்ஸலாம்.